நான்கு குறிகளும் சில சார்புகளும்: பீ.எச்.பீ. கற்போம்

கணினி என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது கடிதம் தட்டச்சிடுவதும் படம் பார்ப்பதும்தான். கணினிக்கு நாமே வேலை சொல்லிக் கொடுக்கலாம் என்பதும், சாதாரண தரக் கணிதத்தோடு படிப்பை நிறுத்திய பெண்களாலும் அது முடியும் என்பதும் பல சகோதரிகளுக்குப் புதிய செய்தியாக இருக்கும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் தெரிந்த எவரும் இதைத் தொடங்கலாம். மாதர் சங்கக் கணக்கைக் கொப்பியில் எழுதிவந்த நான் 44 வயதில் தொடங்கியதும் இந்த நான்கை வைத்துத்தான். நான் கற்றது பீ.எச்.பீ. என்ற இணைய மொழி. அதன் அடிப்படைக் குறிகளையும், அதனுள் ஏற்கெனவே அமைந்துள்ள சார்புகள் சிலவற்றையும் எங்கள் சங்கக் கணக்குகளை உதாரணமாக வைத்து இங்கே விளக்குகிறேன்.

பீ.எச்.பீ. என்றால் என்ன?

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர், இணையத்தில் தாம் வைத்திருந்த சுயவிபரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிவதற்காக 1994இல் சில சிறு செய்நிரல்களை எழுதினார். 1995இல் அவற்றை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார். அதுவே வளர்ந்து இன்றைய பீ.எச்.பீ. மொழியானது. தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையத்தளமும் இயங்கும் மீடியாவிக்கி என்ற மென்பொருள் இந்த மொழியில்தான் எழுதப்பட்டது. வேர்ட்பிரஸ் மென்பொருளும் அப்படியே. இம்மொழியைக் காசு கொடுக்காமல் பெறலாம்.

பீ.எச்.பீ. நமது திரையில் இயங்குவதில்லை. இணையத்தளம் இருக்கும் சேவையகக் கணினியில் அது கணக்குப் பார்த்து, விடையை மட்டும் நமக்கு அனுப்புகிறது. விருந்தாளிக்கு வருவது சமைத்த சோறு, அடுப்படி அவர் கண்ணில் படுவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

பெயர் வைத்த பெட்டிகள்

கணக்குப் பார்க்க முன்னர் எண்களை வைக்க ஓர் இடம் வேண்டும். அதை 'மாறி' என்பார்கள். பெயர் எழுதி ஒட்டிய பெட்டி என்று நினைத்துக் கொள்ளுங்கள். பீ.எச்.பீ.யில் ஒவ்வொரு மாறியின் பெயருக்கு முன்னும் டொலர் குறி வரவேண்டும். ஒவ்வொரு கூற்றும் அரைப்புள்ளியுடன் முடிய வேண்டும்.

$கடன் = 24000;
$மாதங்கள் = 12;
$வீதம் = 2;

இவை தமிழிலேயே இருக்கின்றனவே என்று நீங்கள் வியக்கலாம். மாறிகளின் பெயர்களைத் தமிழில் எழுத பீ.எச்.பீ. இடம் கொடுக்கிறது. கட்டளைச் சொற்களும் உள்ளமைந்த சார்புகளின் பெயர்களும் மட்டும் ஆங்கிலம். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கும் சகோதரிகளுக்கு இது பெரிய ஆறுதல். ஒரு கணக்கில் வருவன கடனா, வட்டியா, தவணையா என்பதை நமது மொழியிலேயே படித்து விளங்கிக் கொள்ளலாம்.

இங்கே ஒற்றைச் சமன் குறி 'சமன்' என்ற பொருளைத் தருவதில்லை. வலப்பக்கம் உள்ளதை இடப்பக்கப் பெட்டியில் போடு என்பதே அதன் பொருள்.

இரண்டு வீதம் என்பது எவ்வளவு?

கூட்டலுக்கு +, கழித்தலுக்கு -, பெருக்கலுக்கு *, வகுத்தலுக்கு /. இவற்றைச் செய்கைக் குறிகள் என்கிறோம். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய உண்மையைக் கண்டுபிடிக்கலாம் என்று பாருங்கள்.

எங்கள் சங்கத்துச் சகோதரி ஒருவர் தையல் இயந்திரம் வாங்க 24,000 ரூபா கடன் தேடினார். கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றின் உத்தியோகத்தர் வீடு தேடி வந்து, மாதம் 2 வீதம் என்று சொல்லிப் படிவத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் சங்கக் கடனுக்கும் அதே 2 வீதம்தான். "அக்கா, ரெண்டும் ஒண்டுதானே? அவை நாளைக்கே காசு தருவினமாம்" என்று அவர் கேட்டார்.

இரண்டும் ஒன்றல்ல. கம்பனி 12 மாதமும் ஆரம்பத் தொகையான 24,000 ரூபாவுக்கே வட்டி கணக்கிட்டது. சங்கத்தில் மாதம் 2,000 ரூபா முதலைக் கட்டக் கட்ட, மிகுதியாக உள்ள தொகைக்கு மட்டுமே வட்டி. முதலாவது கணக்கு இது:

$வட்டி = $கடன் * $வீதம் / 100 * $மாதங்கள்;

விடை 5,760 ரூபா. இரண்டாவது கணக்கு இது:

$வட்டி = $கடன் * $வீதம் / 100 * ($மாதங்கள் + 1) / 2;

விடை 3,120 ரூபா. மிகுதி 24,000, 22,000, 20,000 என்று குறைந்து கடைசி மாதம் 2,000இல் நிற்கும். இந்தப் பன்னிரண்டையும் கூட்டினால் 156,000. அதன் 2 வீதம் 3,120. மேலே உள்ள வரி அந்த நீண்ட கூட்டலைச் சுருக்கித் தருகிறது. கொப்பியில் கூட்டிச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

வித்தியாசம் 2,640 ரூபா. அது மட்டுமல்ல, 156,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 13,000 வரும். அதாவது அந்த ஆண்டில் கடனாளியின் கையில் சராசரியாக இருப்பது 13,000 ரூபாதான். அதற்கு 5,760 ரூபா வட்டி என்றால் வருடத்துக்கு 44 வீதத்துக்கும் மேல். உரிமம் பெற்ற நுண்நிதிக் கம்பனிகள் அறவிடும் வட்டிக்கு 2018இல் இலங்கை மத்திய வங்கி வருடத்துக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு விதித்ததை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். அந்தச் சகோதரி கணினித் திரையில் இரண்டு விடைகளையும் கண்டதும், சங்கக் கடனுக்காக மூன்று கிழமை காத்திருக்க முடிவு செய்தார். கம்பனி உத்தியோகத்தர் மறுபடி வந்தபோது, "வட்டி முழுக்காசுக்கோ, மிகுதிக்கோ?" என்று அவரே கேட்டார். எங்கள் கிராமத்துப் பெண்கள் இப்போது கடன் படிவத்தைக் கண்டால் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

அடைப்புக்குறியின் பெறுமதி

மேலே உள்ள வரியில் அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்? பெருக்கலும் வகுத்தலும் முதலில், கூட்டலும் கழித்தலும் பிறகு என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஒழுங்கைத்தான் கணினியும் பின்பற்றும். ஆகவே அது 5,760உடன் அரையைக் கூட்டி 5,760.5 என்று விடை சொல்லும். வழு இருப்பதாகச் சொல்லாது, எச்சரிக்கவும் மாட்டாது. கணினிக்கு நாம் நினைத்தது தெரியாது, எழுதியது மட்டுமே தெரியும். சந்தேகம் வந்தால் அடைப்புக்குறி போடுங்கள்.

மீதியைச் சொல்லும் குறி

வீதக் குறியாக நாம் அறிந்த % இங்கே வேறு வேலை செய்கிறது. வகுத்தபின் வரும் மீதியை அது தரும். 10,000 ரூபாக் கடனைப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்தால் ஒரு தவணை 833.33 ரூபா என்று முடிவில்லாமல் நீளும். சில்லறை இல்லையென்று 834 ஆக எடுத்தால் ஒருவர் 8 ரூபா கூடக் கட்டுவார். 40 பேர் என்றால் 320 ரூபா. அது யாருடைய காசு என்ற கேள்வி பொதுக் கூட்டத்தில் வரும். பொருளாளராக இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் சூடு தெரியும்.

$மீதி = 10000 % 12;

விடை 4. ஆகவே பதினொரு தவணை 833 ரூபா, கடைசித் தவணை 837 ரூபா. கூட்டினால் சரியாக 10,000. ஒரு சதமும் கூடவில்லை, குறையவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று சமன் குறிகள்

ஒப்பிட்டுப் பார்க்க இரட்டைச் சமன் குறி == போட வேண்டும். "நிலுவை பூச்சியமா?" என்று கேட்க எண்ணி ஒற்றைக் குறி போட்டால், கணினி நிலுவைப் பெட்டிக்குள் பூச்சியத்தைப் போட்டுவிடும். ஒரு குறி குறைந்ததால் ஒருவருடைய கடனே அந்தக் கணக்கில் இல்லாமல் போகும்.

மூன்று சமன் குறி === இன்னும் கண்டிப்பானது. பெறுமதி மட்டுமன்றி, இரண்டும் ஒரே வகையா என்றும் அது பார்க்கும். பீ.எச்.பீ.யின் பழைய பதிப்புகளில், 0 என்ற எண்ணையும் ஒருவருடைய பெயரையும் இரட்டைக் குறியால் ஒப்பிட்டால் சமன் என்று விடை வரும். 2020இல் வெளியான 8ஆம் பதிப்பில் இதைத் திருத்தினார்கள். பழைய புத்தகங்களில் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று குறி போடும் பழக்கம் எந்தப் பதிப்பிலும் நல்லது.

நிபந்தனைகளைச் சேர்க்க && என்ற குறி உண்டு. இரண்டும் உண்மையானால்தான் அது ஆம் என்னும். || என்ற குறிக்கு ஒன்று உண்மையானாலும் போதும். ஆறு மாதம் சேமித்திருக்க வேண்டும், பழைய நிலுவையும் இருக்கக் கூடாது என்ற எங்கள் சங்க விதியை இப்படி எழுதலாம்:

$தகுதி = $சேமித்தமாதம் >= 6 && $நிலுவை == 0;

தலைவியின் உறவினர் என்றாலும் புதிதாகச் சேர்ந்தவர் என்றாலும் இந்த வரி எல்லோரையும் ஒரேமாதிரித்தான் பார்க்கும். எங்கள் சங்கத்தில் கடன் கிடைக்காதவர்களின் முணுமுணுப்பு குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒட்டும் புள்ளி

சொற்களை ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு பீ.எச்.பீ.யில் முற்றுப்புள்ளி பயன்படுகிறது. மேற்கோள் குறிக்குள் உள்ள "25"ஐயும் "5"ஐயும் கூட்டல் குறியால் சேர்த்தால் 30, புள்ளியால் சேர்த்தால் 255. ஜாவாஸ்கிரிப்ட் என்ற மற்றொரு இணைய மொழியில் இந்த இரண்டையும் கூட்டல் குறியால் சேர்த்தாலும் 255தான் வரும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகள் இந்த வேறுபாட்டைத் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளமைந்த சார்புகள்

அரைக்கும் இயந்திரத்தில் மிளகாயைப் போட்டால் தூள் வருகிறது. சார்பு என்பதும் அப்படித்தான். ஒன்றை உள்ளே கொடுத்தால் இன்னொன்றைத் திருப்பித் தரும். பீ.எச்.பீ. இத்தகைய சார்புகள் பலவற்றோடு வருகிறது. அவற்றின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். தட்டச்சில் அவற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், சிறிய எழுத்துகளில் எழுதுவது நல்லது.

ரவுண்ட் என்ற சார்பு எண்ணை மட்டந்தட்டும். எத்தனை தசமதானம் வேண்டும் என்பதையும் சொல்லலாம். ப்ளோர் எப்போதும் கீழே உள்ள முழுவெண்ணையும், சீல் எப்போதும் மேலே உள்ள முழுவெண்ணையும் எடுக்கும். நம்பர்_போர்மட் 24000ஐ 24,000.00 என்று காற்புள்ளியுடன் அழகாக எழுதும். ஆனால் அதன்பின் அது எண்ணல்ல, வெறும் எழுத்து. அதை மீண்டும் கணக்கில் சேர்த்தால் பீ.எச்.பீ. காற்புள்ளிக்கு முன்னுள்ள 24ஐ மட்டுமே எடுக்கும். ஆகவே கணக்கு முழுவதும் முடிந்து, பற்றுச்சீட்டில் அச்சிடும் நேரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ட்ரிம் ஒரு பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கும். பெயரின் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் கணினிக்கு அவர் வேறொருவர். எக்ஸ்ப்ளோட், "500,300,200" என்று ஒரே வரியில் எழுதிய சேமிப்புகளைக் காற்புள்ளி உள்ள இடங்களில் பிரித்து வரிசையாக்கும். கவுண்ட் அந்த வரிசையில் எத்தனை உண்டு என்று எண்ணும். அரே_சம் அவற்றைக் கூட்டும். இங்கே விடை 3 பேர், 1,000 ரூபா. இஸ்_நியூமெரிக் ஒருவர் தந்தது எண்தானா என்று சோதிக்கும். 500 என்பதில் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து விழுந்திருந்தால் அது பிடித்துவிடும்.

டேட் திகதியையும் நேரத்தையும் தரும். கொழும்பு நேரம் என்று முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது உலகப் பொது நேரத்தை எடுக்கலாம். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. காலை 10 மணிக்குக் கட்டிய காசுக்கு 4.30 என்று பற்றுச்சீட்டு வந்தால் காரணம் இதுதான்.

அம்மாவுக்கு எத்தனை எழுத்து?

தமிழில் வேலை செய்வோர் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஸ்ட்ர்லென் என்ற சார்பு ஒரு சொல்லின் நீளத்தைச் சொல்லும். 'அம்மா' என்ற சொல்லைக் கொடுத்தால் அது 15 என்னும். எம்பீ_ஸ்ட்ர்லென் 5 என்னும். கிராபீம்_ஸ்ட்ர்லென் 3 என்னும். மூன்றும் சரியே.

யுனிகோட் முறையில் அ, ம, புள்ளி, ம, கால் என்று இச்சொல் ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் யூ.டி.எப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் இடம் தேவை. ஐந்து மூன்று பதினைந்து. முதற் சார்பு பைட்டுகளை எண்ணுகிறது, இரண்டாவது குறியீடுகளை எண்ணுகிறது, மூன்றாவதுதான் அ, ம், மா என்று நாம் எண்ணுவதுபோல எண்ணுகிறது.

இதனால் என்ன என்று கேட்கலாம். பெயரை 20 எழுத்துக்குள் வெட்டு என்று பழைய சார்பிடம் சொன்னால், அது 20 பைட்டில் வெட்டிவிடும். ஆங்கிலப் பெயர் முழுதாக இருக்கும். தமிழ்ப் பெயர் ஆறு குறியீட்டோடு அறுந்து, கடைசியில் விளங்காத ஒரு குறி நிற்கும். கணினியில் பதிந்த அட்டைகளிலும் பட்டியல்களிலும் எங்கள் பெயர்கள் பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வெட்டுவதற்கும் எம்பீ என்று தொடங்கும் சார்பு ஒன்று உண்டு. குறைந்தது அதையாவது பயன்படுத்தினால் அறுந்த குறி வராது. பெயர் சரியாக இருப்பது உதவி பெற வரிசையில் நிற்கும் பெண்ணுக்குச் சின்ன விடயமல்ல.

சதக் கணக்கு

கணினி தசம எண்களை இரண்டின் அடியில் சேமிப்பதால் 0.1, 0.7 போன்றவை சற்றே பிசகித்தான் உள்ளே இருக்கும். 0.1ஐயும் 0.7ஐயும் கூட்டிப் பத்தால் பெருக்கி ப்ளோர் சார்பிடம் கொடுத்தால், 8 வரவேண்டிய இடத்தில் 7 வரும். இதற்குப் பரிகாரம் எளிது. எல்லாத் தொகைகளையும் சதமாக, முழுவெண்ணாக வைத்துக் கணக்குப் பார்த்து, கடைசியில் நூறால் வகுத்து ரூபாவாகக் காட்டுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

ஸாம்ப் என்ற இலவசப் பொதியைக் கணினியில் ஒருமுறை நிறுவினால் போதும். அதன்பின் இணைய இணைப்பு இல்லாமலும் பழகலாம். பழைய கணினியும் தாராளம். புத்தகத்தில் உள்ளதை அப்படியே தட்டச்சிடுவதைவிட, உங்கள் வீட்டு மின்சாரப் பட்டியல், சீட்டுக் காசு, பிள்ளையின் தவணைப் பரீட்சைச் சராசரி என்று சொந்தக் கணக்கை எழுதுங்கள். முதலில் கொப்பியில் கையால் செய்து விடையைக் குறித்துக்கொண்டு, பிறகு கணினியின் விடையோடு ஒப்பிடுங்கள். சார்புகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். பீ.எச்.பீ.யின் கைந்நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

செய்நிரலை இணையத்தில் மற்றவர்களும் பயன்படுத்த விடுவதற்கு முன், பாதுகாப்பைப் பற்றி அனுபவம் உள்ள ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம் போன்றவற்றை இணையத்தில் ஏற்றாதீர்கள்.

சங்கக் கணக்கு நூற்றுக்கணக்கான பெண்களின் வியர்வை. அதைப் பொருளாளர் ஒருவரே அறிந்திருப்பதைவிட, ஒவ்வொரு உறுப்பினரும் தன் வட்டி எப்படி வந்தது என்று கேட்கவும் பார்க்கவும் முடிந்தால் சங்கம் நிலைக்கும். ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு பெண்களாவது இதைப் படித்தால் போதும், மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். கூட்டல் குறியிலிருந்து தொடங்குங்கள், சகோதரிகளே.